மகுடமா, மனசா: வீடியோ கேம் காதல்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ கேம்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். 'சின்னப் பசங்க சமாச்சாரம்', 'சுட்டுத் தள்ளுற வெளயாட்டு', 'மூளைய மழுங்கடிக்கிற ஏகாதிபத்தியச் சரக்கு' என்று மூன்று பதில்கள் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கின்றன. மூன்றுமே ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்லிவிடக் கூடியவை. சினிமாவைப் பற்றியும் நம்முடைய படித்த பெரியவர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சினிமா கோட்டைக்கே போய் உட்கார்ந்துவிட்டது.

இக்கட்டுரை சுடுகிற ஆட்டங்களைப் பற்றியதல்ல. காதலிக்கிற ஆட்டங்களைப் பற்றியது. 1990களில் ஜப்பானில் இது ஒரு தனி வகைமையாகவே உருவெடுத்தது. பிறகு கனடாவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்ட பெரிய சாகச ஆட்டங்களில் காதல் ஒரு முக்கியமான இழையாகப் பின்னப்பட்டது. இவற்றில் திரும்பத் திரும்ப வருகிற முடிச்சு ஒன்று உண்டு. காதலா, சொந்த லட்சியமா? அரியணை வேண்டுமா, அவன் வேண்டுமா? தெய்வமாக வேண்டுமா, அவளோடு சாதாரண மனுஷனாக இருந்துவிட்டுப் போக வேண்டுமா?

முடிச்சு பழசுதான். நாடகத்திலும் நாவலிலும் பார்த்து அலுத்துப்போனதுதான். ஆனால் அங்கே நாம் வேடிக்கை பார்க்கிறோம். ஆட்டத்தில் நாமே தேர்ந்தெடுக்கிறோம், தேர்ந்தெடுத்ததன் பலனையும் நாமே வாங்கிக்கொள்கிறோம். எஸ்பென் ஆர்செத், ஜேனட் மரே இருவரும் 1997 இல் தனித்தனியாக எழுதிய நூல்களில் இந்த வகைப் பிரதிகளை வாசிப்பதற்கு வேறு கருவிகள் வேண்டும் என்று வாதிட்டார்கள். இயன் பொகோஸ்ட் 2007 இல் வந்த நூலில் இதை இன்னும் கூர்மையாக்கினார்: ஒரு ஆட்டம் தன் கதையால் மட்டும் பேசுவதில்லை, தன் விதிகளாலும் வாதாடுகிறது.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கதை என்று எதுவும் கிடையாது. ஆனாலும் கடைசிக் கட்டம்வரை உயிரோடு போய்ச் சேர்ந்த சிப்பாய் மந்திரியாகலாம், ராஜாவாக மட்டும் முடியாது என்று விதி சொல்கிறது. ஒரு சமூகம் பற்றிய கருத்தியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

ஆகவே எந்தக் காதல் ஆட்டத்திலும் இரண்டு தளங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்று, கதை சொல்வது. இன்னொன்று, விதி செய்வது. கதைத் தளத்தில் காதலும் லட்சியமும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. விதித் தளத்தில் இரண்டும் ஏற்கெனவே ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. இந்த இரட்டைப் பேச்சைத்தான் இங்கே விளக்க முயல்கிறோம்.

2

முதலில் சொல்லைப் பற்றி. காதலுக்கு எதிரே நிறுத்தப்படும் இந்த 'லட்சிய'த்துக்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. ஆசை, பேராசை, குறிக்கோள், லட்சியம், பதவி வெறி என்று பல சொற்கள் கிடக்கின்றன. எந்தச் சொல் யாருக்கு என்பதில் இருக்கிறது அரசியல். ஆண் மேலே போக நினைத்தால் அது லட்சியம். பொம்பள நெனச்சா 'அவளுக்குப் பேராசை'. மேல்தட்டுக்காரன் நினைத்தால் தொலைநோக்கு. கீழே இருக்கிறவன் நினைத்தால் 'இருக்கிற எடத்துல இருக்கத் தெரியல'. காதலா லட்சியமா என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதே இல்லை என்பதைக் கவனிக்காமல் இந்த எதிர்வை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

1994 இல் ஜப்பானின் கோயெய் நிறுவனம் 'ஆஞ்செலிக்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பெண்களுக்காகவே உருவாக்கப்பட்ட காதல் ஆட்டங்களின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கெய்கோ எரிகாவாவின் முன்முயற்சியில் பெண்களைக் கொண்டு அமைக்கப்பட்ட 'ரூபி பார்ட்டி' என்ற குழுவின் படைப்பு அது. கதை இது: பிரபஞ்சத்தை ஆளும் அரசியின் காலம் முடிகிறது. அடுத்த அரசி யார் என்று தீர்மானிக்க ஒரு தேர்வு. போட்டியில் இரண்டு பெண்கள். ஒருத்தி ரொஸாலியா, அரசியாவதற்காகவே வளர்க்கப்பட்ட பிரபு குலத்துப் பெண். இன்னொருத்தி ஆஞ்செலிக், சாதாரணப் பெண், நாம்தான் அவள். இருவருக்கும் ஆளுக்கொரு நிலப்பரப்பு கொடுக்கப்படும். அதில் மக்களைப் பெருகச் செய்யவேண்டும். அதற்கான சக்திகள் ஒளி, இருள், காற்று, நீர், நெருப்பு என்று ஒன்பது காவலர்களிடம் இருக்கின்றன. ஒன்பது பேரும் ஆண்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அழகு. அவர்களிடம் போய்ப் பேசி, பழகி, சக்தியைக் கேட்டு வாங்கவேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அரசியானவள் காதலிக்கக் கூடாது. காவலரில் ஒருவனுடைய காதலை ஏற்றுக்கொண்டால் தேர்விலிருந்து விலகிவிட வேண்டியதுதான். ரொஸாலியா அரியணை ஏறுவாள். மகுடம் வேண்டுமென்றால் காதலை மறுக்கவேண்டும். கதை இப்படி அப்பட்டமாக இரண்டு வழியைக் காட்டுகிறது.

விதி என்ன செய்கிறது? ஒரு காவலனுக்கு நம்மேல் பிரியம் கூடக்கூட, நாம் கேட்காமலேயே அவன் நம் நிலத்துக்குச் சக்தியை அனுப்பிவைக்கிறான். அரியணைக்குப் போகிற படிக்கட்டே அவன் பிரியம்தான். ஆனால் அந்தப் பிரியம் முற்றிக் காதலாகிவிட்டால் அரியணை போச்சு. ஆக, ஆட்டக்காரி கற்றுக்கொள்வது ஒரு நுணுக்கமான அளவை: போதுமான அளவுக்கு விரும்பப்படவேண்டும், மீறி விரும்பப்பட்டுவிடக் கூடாது. அலுவலகத்தில் மேலதிகாரி ஆணாக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த அளவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொம்ப மூஞ்சியக் காட்டினா 'திமிர் புடிச்சவ'. கொஞ்சம் சிரிச்சுப் பேசினா வேற பேச்சு. ஆட்டம் இதைக் கற்பனை உலகத்தில் வைத்து வெளிப்படையாக விதியாக்கியிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டியது. இந்தத் தொடரின் அடுத்த பாகத்தில் கதை தொடர்வதற்கு ஆஞ்செலிக் அரசியாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. போட்டியாளராக இருந்த ரொஸாலியா அவளுக்குத் துணையாக நிற்கிறாள். பெண்களுக்காகப் பெண்கள் செய்த பிரதி, காதலைக் கண்முன் விரித்துக் காட்டிவிட்டு, வரலாறு என்று வரும்போது மகுடத்தின் பக்கம் சாய்ந்துகொண்டது. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடத் தோன்றவில்லை.

3

அதே 1994 இல் கொனாமி நிறுவனம் ஆண்களுக்காக வெளியிட்டது 'டோக்கிமெக்கி மெமோரியல்'. இதில் நாம் ஒரு மேல்நிலைப்பள்ளி மாணவன். மூன்று வருஷம். பள்ளிக்கூடத்து மரத்தடியில், பட்டமளிப்பு நாளன்று ஒரு பெண் தன் காதலைச் சொன்னால் அந்தச் சோடி என்றென்றும் மகிழ்ச்சியாக இருக்கும் என்று ஒரு ஐதீகம். சொல்லவேண்டியவள் அவள். பையன் வாய் திறக்கவேண்டியதில்லை. அவளைச் சொல்லவைக்கும் அளவுக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டால் போதும்.

அந்தத் தகுதி எண்களாகத் திரையில் தெரியும். கலைப்பாடம், அறிவியல், கலைத்திறன், விளையாட்டு, பொது அறிவு, தோற்றம், மனத்திடம் என்று தனித்தனி மதிப்பெண். வாரம் முழுக்க எதைப் படிப்பது, எதைப் பழகுவது என்று திட்டமிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெண்ணோடு வெளியே போகலாம். பக்கத்து வீட்டில் சின்ன வயசிலிருந்து கூடவே வளர்ந்த ஷியோரி ஃபுஜிசாகிதான் கதாநாயகி. அவள் மனசைப் பிடிக்க ஏறக்குறைய எல்லா மதிப்பெண்ணும் உச்சத்தில் இருக்கவேண்டும். சேர்ந்து வீட்டுக்கு நடந்து போகலாமா என்று ஆரம்பத்தில் கேட்டால் நாசூக்காகத் தட்டிக்கழித்துவிடுவாள்.

இங்கே காதலா லட்சியமா என்ற கேள்வியே எழவில்லை என்பதுதான் விஷயம். ஆணுக்கு இரண்டும் ஒரே பாதை. நல்லாப் படி, உடம்பத் தேத்து, அழகா இரு. பொண்ணு தானா வருவா. பரீட்சைக்குப் படித்துச் சாகிற ஒரு தலைமுறைக்கு, நாட்டின் பொருளாதாரக் குமிழி வெடித்துப்போன சமயத்தில், மதிப்பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே உத்தரவாதமாகக் காதலை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றுகூட இதை வாசிக்கலாம்.

ஆனால் இதே ஆட்டத்தில் ஒரு விபரீதமான விதி இருக்கிறது. அறிமுகமான பெண்களில் யாரையாவது ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டுவிட்டால் அவள் பெயரருகே ஒரு வெடிகுண்டுச் சின்னம் வரும். மேலும் கவனிக்காவிட்டால் வெடிக்கும். வெடித்தால் அவள் மட்டுமல்ல, மற்ற பெண்களும் நம்மேல் வைத்திருக்கும் பிரியம் சரிந்துவிடும். ஆகவே ஷியோரியை மட்டும் நேசிக்க விரும்புகிறவனும், குண்டு வெடிக்காமலிருக்க மற்றவர்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுமுறையில் வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. மனசை ஒருத்திக்குக் கொடுத்தவன் எல்லோரையும் நிர்வகிக்கிறவனாகிவிடுகிறான். அந்தப் பெண்களின் கோபத்துக்கு என்ன காரணம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விதி கேட்பதில்லை. அவர்கள் பராமரிக்கப்படவேண்டிய இயந்திரங்கள். ஃபூக்கோ சொல்லும் நிர்வகிக்கும் அதிகாரம் பள்ளிக்கூடத்துப் பையனின் வாராந்திர அட்டவணையில் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தர்க்கம் பிறகு இன்னும் நேரடியானது. அட்லஸ் நிறுவனத்தின் 'பெர்சோனா 3' (2006) ஆட்டத்தில் மனிதர்களோடு உறவை வளர்க்க வளர்க்கச் சண்டைக்கான நம் சக்திகள் வலுப்பெறும். பள்ளித் தோழிகளோடான உறவு உச்சத்தைத் தொட்டால் அது காதலாகிவிடும். நண்பர்களாகவே இருந்துவிடுவோம் என்று சொல்ல அந்த முதல் வடிவத்தில் வழியில்லை. சக்தி வேண்டுமென்றால் காதலித்தாக வேண்டும். ஒரு தனிமைப்பட்ட பெண்ணின் துயரத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்ததும் அதன் பலன் எண்ணாக நம் கணக்கில் ஏறுகிறது. அவள் சொன்ன துயரம் நிஜமாகவே நம்மைத் தொட்டிருக்கலாம். தொட்டதும் நிஜம், ஏறியதும் நிஜம். இந்த இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதுதான் இவ்வகைப் பிரதிகளின் தனித்தன்மை.

4

மணம் முடிந்த பிறகு என்ன ஆகிறது? இங்கே விதியின் பால்பேதம் வெட்டவெளிச்சமாகிறது.

யசுஹிரோ வாடா 1996 இல் உருவாக்கிய பண்ணை ஆட்டம் உலகுக்கு 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற பெயரில் அறிமுகமானது. கைவிடப்பட்ட பண்ணையை ஒரு இளைஞன் சீர்படுத்துகிறான், விதைக்கிறான், மாடு வளர்க்கிறான், கிராமத்துப் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். கட்டிக்கொண்ட பிறகும் ஆட்டம் தொடரும். மனைவி, பிள்ளை, அடுத்த வருஷத்து வெள்ளாமை. 2003 இல் ஜப்பானில் இதே தொடரில் ஒரே ஊரை வைத்து ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இரண்டு வடிவங்கள் வெளியாயின. பெண் வடிவத்தில் அவளும் அதேபோல உழுகிறாள், அதேபோல விற்கிறாள், அதேபோலப் பண்ணையை உயர்த்துகிறாள். ஆனால் அந்த ஜப்பானிய வடிவத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டால் ஆட்டம் முடிந்துவிடும். பெயர்ப் பட்டியல் ஓடும். அம்புட்டுதான்.

யாரும் அவளை 'இனிமே வயலுக்குப் போகாதே' என்று சொல்லவில்லை. எந்தப் பாத்திரமும் பிற்போக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கதையைத் துருவித் துருவிப் பார்த்தாலும் ஆணாதிக்க வசனம் ஒன்றும் அகப்படாது. ஆணுக்குக் கல்யாணம் வாழ்க்கையில் ஒரு கட்டம், பெண்ணுக்கு அதுவே முற்றுப்புள்ளி என்பதை விதி சத்தமில்லாமல் செய்து முடித்துவிட்டது. 2005 இல் வட அமெரிக்காவில் வெளியான வடிவத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் ஆட்டம் தொடரும்படி மாற்றினார்கள். விதி என்பது இயற்கையல்ல, மாற்றக்கூடியதுதான் என்பதற்கு இது போதுமான சான்று.

இந்தத் தொடரின் தாக்கத்தில் எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த 'ஸ்டார்டியூ வேலி' 2016 இல் வந்தது. பெரிய கம்பெனியின் அலுவலக அறையில் கிடந்து அழிகிறவர், தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு ஓடிவருவதில் ஆரம்பிக்கிறது. போட்டி உலகத்து லட்சியத்தை உதறிவிட்டு மண்ணுக்கும் மனிதருக்கும் திரும்புதல் என்று கதை சொல்கிறது. ஆணோ பெண்ணோ யாரையும் மணக்கலாம்; தன்பால் காதலுக்குத் தனி விளக்கம் தேவைப்படுவதில்லை. இது சாதாரண விஷயமல்ல. 2014 இல் நின்டென்டோ நிறுவனம் 'டோமோடாச்சி லைஃப்' ஆட்டத்தில் தன்பால் உறவுக்கு இடமில்லாததற்கு முதலில் சால்ஜாப்பு சொல்லி, எதிர்ப்பு வந்தபின் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது.

ஆனால் 'ஸ்டார்டியூ வேலி'யின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிடித்தவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். இதயச் சின்னங்கள் நிரம்பும். பத்து நிரம்பினால் 5,000 பொற்காசு கொடுத்துத் தாலி மாதிரியான ஒரு பதக்கம் வாங்கலாம். பிடிக்கவில்லையா, 50,000 காசுக்கு விவாகரத்து. அது மட்டுமல்ல, சூனியக்காரியின் குடிலில் 30,000 காசு படையல் வைத்தால் விவாகரத்தானவரின் நினைவிலிருந்து பழைய தாம்பத்தியம் அடியோடு அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பூங்கொத்து நீட்டலாம். கம்பெனியை விட்டு ஓடிவந்தவர் கம்பெனியின் கணக்குவழக்கைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

இதைவிட ஒரு படி மேலே போனது 2017 இல் சீனாவில் வெளிவந்த 'லவ் அண்ட் ப்ரொட்யூசர்'. அப்பா விட்டுப்போன, நொடிந்துகொண்டிருக்கும் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தை ஒரு இளம்பெண் தூக்கி நிறுத்துகிறாள். தொழிலதிபர், காவல்துறைக்காரர், விஞ்ஞானி, நட்சத்திரப் பாடகர் என்று நான்கு ஆண்கள் அவளைச் சுற்றி. அவளுடைய லட்சியத்துக்குக் காதல் குறுக்கே வருவதில்லை. இருவகையிலும் அவள் ஜெயிக்கிறாள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காதலர்களோடான தருணங்கள் சீட்டுகளாக வருகின்றன. நல்ல சீட்டு விழுவது லாட்டரி. விழவில்லையென்றால் நிஜப் பணம் கட்டி மறுபடி இழுக்கலாம். இங்கே காதலையும் அவளது லட்சியத்தையும் சேர்த்து விழுங்குவது மூன்றாவது ஒரு லட்சியம், நிறுவனத்தின் லாபம்.

5

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' நம்முடைய வாசகர்கள் கவனிக்கவேண்டிய பிரதி. காரணம், அது காதலையும் லட்சியத்தையும் பிறப்போடு முடிச்சுப் போடுகிறது.

ஆட்டத்தைத் தொடங்கும்போதே நீங்கள் யார் வயிற்றில் பிறந்தவர் என்று தேர்ந்தெடுக்கவேண்டும். மனிதப் பிரபு குடும்பமா, சேரியில் அடைக்கப்பட்ட எல்ஃப் இனமா, கோபுரத்தில் பூட்டிவைக்கப்பட்ட மந்திரவாதியா, பாதாள நகரமான ஓர்ஸம்மாரின் குள்ளர் இனமா? நீங்கள் பெண்ணாக ஆடினால், கூட வரும் வீரன் அலிஸ்டரைக் காதலிக்கலாம். அவன் இறந்துபோன ராஜாவின் முறைதவறிப் பிறந்த மகன். நாட்டுக்கு அடுத்த அரசர் யார் என்று தீர்மானிக்கும் சபையில் உங்கள் வார்த்தைக்கு எடை உண்டு. அவனை ராஜாவாக்கினால்? நீங்கள் மனிதப் பிரபு குலத்துப் பெண்ணாக இருந்தால் அவன் பக்கத்தில் அரசியாக உட்காரலாம். காதலும் கிடைக்கும், மகுடமும் கிடைக்கும். எல்ஃபாகவோ, குள்ளராகவோ, மந்திரவாதியாகவோ பிறந்திருந்தால், ராஜாவானவன் வருத்தத்தோடு உறவை முறித்துக்கொள்வான். நாடு ஒத்துக்கொள்ளாது, வாரிசு வேண்டும், கடமை. கலப்பு மணத்துக்கு வீட்டில் சொல்லப்படும் அத்தனை காரணமும் இங்கே ஆஜர். 'எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஊரு என்ன சொல்லும்?'

ஆக, காதலா லட்சியமா என்ற இக்கட்டு எல்லோருக்கும் பொதுவானதல்ல. மேலே பிறந்தவளுக்கு அது கேள்வியே இல்லை. கீழே பிறந்தவளுக்கு மட்டும்தான் அது கேள்வி. ஒரு மனிதப் பொதுவான தத்துவச் சிக்கலாகக் காட்டப்படுவதை, பிறப்பால் விநியோகிக்கப்படும் இக்கட்டாக இந்த ஆட்டத்தின் விதி அம்பலப்படுத்திவிடுகிறது.

ஒரு சந்து இருக்கிறது. முன்னதாக அலிஸ்டர் தன் அக்காவைத் தேடிப்போய் ஏமாந்து நிற்கும்போது, 'இந்த உலகத்துல அவங்கவங்க நலனை அவங்கவங்கதான் பாத்துக்கணும்' என்கிற மாதிரி நீங்கள் அவனுக்குப் பாடம் சொல்லியிருந்தால் அவன் மனசு இறுகிப்போகும். இறுகிய அலிஸ்டர் ராஜாவான பிறகும் உங்களை விடமாட்டான். மனைவியாக அல்ல, ஆசைநாயகியாக வைத்துக்கொள்வான். அதாவது, உங்கள் காதல் பிழைக்கவேண்டுமென்றால் அவனுக்கு முன்கூட்டியே சுயநலம் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். காதலுக்கு எதிரி தன்னலம் என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, தன்னலம் இல்லாமல் காதல் நிலைக்காது என்று விதி காதோடு சொல்கிறது.

ஓர்ஸம்மார் இன்னும் நெருக்கமானது. அங்கே சாதி உண்டு. சாதி என்றே பெயர். சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்குப் பிறந்ததுமே முகத்தில் சூடு போட்டு அடையாளம் வைக்கிறார்கள். ஆண்பிள்ளை தகப்பன் சாதி, பெண்பிள்ளை தாய் சாதி. இந்த வாரிசு விதியில் இருக்கும் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, வெளியே தள்ளப்பட்ட பெண்கள் சிலர் தங்களை அலங்கரித்துக்கொண்டு பிரபுக்களைத் தேடிப் போகிறார்கள். ஒரு பிரபுவுக்கு ஆண் குழந்தை பெற்றுக்கொடுத்துவிட்டால் பிள்ளை மேல்சாதி. பிள்ளையோடு தாயும் அவள் குடும்பமும் அந்த மாளிகைக்குள் போய்விடலாம். நகரம் அவர்களை 'பிரபு வேட்டைக்காரிகள்' என்று இளப்பமாகச் சொல்கிறது. நீங்கள் சாதியற்றவராக ஆட்டத்தைத் தொடங்கினால் உங்கள் அக்கா ரிகா அந்த வழியில் அனுப்பப்பட்டவள். அவள் புடவை துணிமணிச் செலவைப் போட்டு, லாபத்துக்குக் காத்திருப்பவன் ஒரு ரவுடி. கடைசியில் அவள் இளவரசன் பேலனின் மாளிகைக்குப் போய் அவனுக்கு மகனைப் பெறுகிறாள். அவன் மேல் அவளுக்குப் பிரியமும் இருக்கிறது.

ரிகாவின் காதல் நிஜமா, கணக்கா? இந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு? மூஞ்சியில் சூடு வாங்காதவர்கள்தான் காதலைக் கணக்கிலிருந்து பிரித்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும். காதலின் தூய்மை என்கிற கருத்து சொத்துள்ளவர்களின் சௌகரியம் என்பதை எந்த முழக்கமும் இல்லாமல் ஒரு துணைப்பாத்திரம் இங்கே சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் அவள் தப்பித்தது மட்டும்தான் நடந்தது, சாதி அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

6

2023 இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இந்த முடிச்சைத் தன் மையத்திலேயே வைத்திருக்கிறது. (பயோவேர் உருவாக்கிய இதன் முந்தைய தொடரிலும் 2001 இல், தெய்வமாகிப் போவதா, மனிதனாகக் காதலியோடு இருப்பதா என்பதே இறுதிக் கேள்வியாக இருந்தது.)

கேல் ஒரு மந்திரவாதி. மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவின் காதலனாக இருந்தவன். அவளுக்குச் சமமாக நிற்க ஆசைப்பட்டு, எட்டாத சக்தியொன்றைக் கைப்பற்றப்போய், அது நெஞ்சில் வெடிகுண்டாகத் தங்கிவிட்டது. அவனுடைய பேராசை காதலிலிருந்து பிறந்ததுதான். பின்னால் ஒரு புராதன மகுடம் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வருகிறது. அதைச் சூடினால் தெய்வமாகலாம். நாம் தடுத்து நிறுத்தினால் ஊருக்குத் திரும்பி வாத்தியார் வேலை பார்ப்பான். ஏற்றிவிட்டால் தெய்வமாவான், எதற்குத் தெய்வம் தெரியுமா? லட்சியத்துக்குத் தெய்வம்.

அஸ்டாரியன் கதை வேறு மாதிரி. ரத்தக் காட்டேரியான எசமானிடம் இருநூறு வருஷம் அடிமையாக இருந்தவன். எசமானுக்கு இரை பிடித்துக் கொடுக்கத் தன் உடம்பையும் அழகையும் பயன்படுத்தும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவன். ஒரு சடங்கைச் செய்தால் எசமானின் இடத்தில் தானே அமரலாம், யாருக்கும் அடங்கவேண்டியதில்லை. விலை, தன்னைப் போலவே சிறைப்பட்டிருக்கும் ஏழாயிரம் உயிர். அவனுடைய அதிகார ஆசையை எப்படிப் பேராசை என்பது? அது பயம். மறுபடி எவன் கையிலும் சிக்கிவிடக் கூடாது என்கிற பயம். அதற்கு நாம் துணைபோனால் அவன் ஜெயிக்கிறான். அடுத்த ராத்திரியிலிருந்து நம்மிடம் அவன் பேசும் தொனி மாறுகிறது. காதலி அல்லது காதலன் என்ற இடத்திலிருந்து நாம் உடைமையாகிறோம். ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனின் நாற்காலியை உடைக்காமல் அதிலேயே ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இயக்கங்களில் இருந்தவர்களுக்கு உதாரணம் தேவைப்படாது.

கதைத் தளத்தில் இவை இரண்டும் உயர்தரமானவை. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. கேலும் அஸ்டாரியனும் லட்சியத்தைக் கைவிடுவதா இல்லையா என்பதில் நம்முடைய பேச்சுக்கும், நாம் உருட்டும் இருபது பக்கப் பகடைக்கும் பங்கு இருக்கிறது. லட்சியம் அவர்களுடையது, தீர்ப்பு நம்முடையது. அவர்களைத் திருத்துகிற இடத்தில் நாம் இருக்கிறோம். நம்முடைய லட்சியத்தை அவர்களில் யாரும் அப்படி உட்காரவைத்து விசாரிப்பதில்லை. காதலின் பெயரால் இன்னொருவரின் ஆசையை அளந்து கொடுக்கிற அதிகாரம், நம் வீடுகளில் நன்கு பழக்கமானது.

7

தமிழ் மரபில் இதே முடிச்சுக்கு ஒரு பெயர் உண்டு: பொருள்வயின் பிரிவு. பொருள் தேடி அவன் போகிறான், அவள் இருக்கிறாள். கல்விக்காக, போருக்காக, தூதுக்காக, பொருளுக்காக என்று பிரிவுகளைத் தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்று விதியும் செய்திருக்கிறது. அங்கேயும் லட்சியம் ஆணுக்கு, காத்திருப்பு பெண்ணுக்கு. அதை நாம் விமரிசிக்காமல் விடமுடியாது. ஆனாலும் பாலைத்திணையில் ஒன்று இருந்தது: பிரிவுக்கு விலை இருந்தது. பாதி வழியில் அவன் நெஞ்சு அவனோடு சண்டை போட்டது. வீட்டில் அவள் உடம்பு மெலிந்தது. கழிந்த காலம் திரும்பவில்லை. ஆட்டங்களின் காதலில் இல்லாதது இந்தத் திரும்பாத காலம். நாம் நூறு நாள் குகையில் பூதத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும் அவள் விட்ட இடத்திலேயே நிற்கிறாள். சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

மறுபக்கம், லட்சியத்தைக் காதலுக்குக் காவு கொடுப்பதே உயர்ந்தது என்ற பழைய பாட்டுக்கும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை. அலெக்ஸாண்ட்ரா கொலந்தாய் 1926 இல் எழுதிய சுயசரிதையில், தம் தலைமுறைப் பெண்கள் காதலின் பேரில் எவ்வளவு ஆற்றலை விரயமாக்கினோம், வேலையைக் காதல் விழுங்கிவிடாமல் காக்க எவ்வளவு போராடினோம் என்பதைத்தான் திரும்பிப் பார்க்கிறார். பெண்ணுக்கு மறுக்கப்பட்டது காதல் மட்டுமல்ல, லட்சியமும்தான்.

இந்த இரண்டையும் மனதில் வைத்து, 2018 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்த 'ஃப்ளாரன்ஸ்' என்ற சின்ன ஆட்டத்தைப் பார்க்கலாம். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். ஃப்ளாரன்ஸ் யோவுக்கு 25 வயது; சின்ன வயசில் ஓவியம் வரைந்தவள், இப்போது கணக்கு எழுதும் வேலை. தெருவில் செல்லோ வாசிக்கும் க்ரிஷ் என்ற இந்திய வம்சாவளி இளைஞனைச் சந்திக்கிறாள். அவர்கள் பேசும்போது உரையாடல் குமிழிகளைத் துண்டுகளாகப் பொருத்தவேண்டும். முதல் சந்திப்பில் நிறையத் துண்டுகள், பழகப் பழகக் குறைகின்றன, பேச்சு சரளமாகிறது. சண்டையில் துண்டுகள் கூர்முனையோடு வருகின்றன. அவன் அவள் வீட்டுக்குக் குடிவரும்போது அலமாரியில் அவன் சாமான்களை வைக்க அவள் சாமான்களில் சிலதை எடுத்துப் பெட்டியில் போடவேண்டும். எதை எடுப்பது என்று நம் விரல் தயங்குகிறது. அவள் அவனை இசைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கத் தூண்டுகிறாள். அவன் அவளுக்கு வண்ணப்பெட்டி வாங்கித் தருகிறான். அவன் படிக்கிறான், அவள் வேலைக்குப் போகிறாள், இடையில் ஏதோ தேய்ந்துவிடுகிறது. பிரிகிறார்கள். பிறகு ஒருநாள் அவள் அந்த வண்ணங்களை எடுக்கிறாள், வேலையை விடுகிறாள், ஓவியராகிறாள்.

இதில் மதிப்பெண் இல்லை, இதயச் சின்னம் இல்லை. பிரிவைத் தடுக்க நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. கெட்டிக்காரத்தனமாக ஆடினால் சேர்ந்திருப்பார்கள் என்ற வழி கிடையாது. காதல் லட்சியத்துக்குத் தடையாகவும் இல்லை, கருவியாகவும் இல்லை. ஒருவர் மற்றவருக்குள் எழுப்பிவிட்ட ஆசை, உறவு முடிந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. வென்றவர் தோற்றவர் என்று யாரையும் சொல்லமுடியவில்லை. இதற்காக ஆட்டக்காரரின் தேர்வை அது ஏறக்குறைய முழுதாகப் பறித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது அதன் எல்லை. தேர்வும் இருக்கவேண்டும், எதிரே இருப்பவர் கணக்காகவும் ஆகிவிடக் கூடாது என்கிற விதியை உருவாக்குவது இன்னும் தீராத பிரச்சினை.

எழுதுகிறவர்களுக்கும் இயக்கங்களில் இருப்பவர்களுக்கும் இதில் என்ன இருக்கிறது? நம் பிள்ளைகளில் பலர் காதலின் இலக்கணத்தைக் கவிதையிலோ சினிமாவிலோ மட்டும் படிப்பதில்லை; கைப்பேசியில் ஆடுகிற ஆட்டத்திலும் படிக்கிறார்கள். இத்தனை பரிசு கொடுத்தால் இத்தனை பிரியம், இவ்வளவு பொறுமையாகக் கேட்டால் அவள் சம்மதிக்கக் கடமைப்பட்டவள் என்ற கணக்கு விரலில் பழகிவிட்டால், நிஜத்தில் ஒருத்தி 'வேண்டாம்' என்று சொல்லும்போது அது ஆட்டத்தில் நேர்ந்த பிழையாகத் தெரியும். கொடுத்ததற்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் எங்கே போய் முடியும் என்பதற்குச் செய்தித்தாள் இருக்கிறது. ஆட்டம்தான் அதற்குக் காரணம் என்பதல்ல வாதம். வரதட்சணைக் கணக்கு எழுதத் தெரிந்த சமூகத்துக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற கணக்கு ஒரு புதிய, இனிப்பான வடிவத்தில் மறு உற்பத்தியாகிறது என்பதுதான்.

ஆகவே தடைசெய் என்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. கதையை வாசிக்கக் கற்றுக்கொண்டதுபோல் விதியை வாசிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். யாருக்குக் கல்யாணத்தோடு ஆட்டம் முடிகிறது? யார் காத்திருக்கிறார்கள், யார் போகிறார்கள்? யாருடைய ஆசைக்கு லட்சியம் என்று பெயர், யாருடையதற்குப் பேராசை? மறுப்பதற்கு யாருக்கு இடம் இருக்கிறது? இந்தக் கேள்விகளை ஆட்டத்தின் முன்னால் வைத்துப் பழகியவர்கள், அவற்றைத் தம் வீட்டிலும் கட்சி அலுவலகத்திலும் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.